சென்னையில் உட்கார்ந்து குடிக்குமிடம்: ஒரு கள ஆய்வு

முன்னுரை

தாலாட்டைப் பற்றித் தமிழில் ஆய்வேடுகள் உண்டு. ஒப்பாரியைப் பற்றியும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒருவர் மாலை ஏழு மணிக்கு எங்கே போய் உட்கார்ந்து குடிப்பார் என்பதைப் பற்றி ஒரு குறுங்கட்டுரைகூடக் கண்ணில் படவில்லை. தலைமைச் செயலகத்தில் கோப்பு நகராதவர், உயர் நீதிமன்றத்தில் வாய்தா வாங்கியவர், தி.நகரில் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்து முடித்தவர் எனப் பலதிறத்தாரும் நாள்தோறும் இக்கேள்வியை எதிர்கொள்கின்றனர். அவர்களுக்கு உதவுவதே இவ்வாய்வின் நோக்கம். உதவுமா என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கருதுகோள்

பிற மாநகரங்களில் குடிக்க வருபவர் தேடுவது பானம். சென்னையில் தேடுவது இடம். இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

இதற்கான காரணம் எளிது. 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் கையில், அதாவது டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. அம்பத்தூரில் விற்கும் குவார்ட்டரும் அடையாற்றில் விற்கும் குவார்ட்டரும் ஒன்றே. இரண்டும் 180 மில்லி, இரண்டிலும் 42.8 விழுக்காடு சாராயம். இரண்டிலும் அச்சிட்ட விலை ஒன்று. அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லும் புகாரும் ஒன்றே. சோதனைக் கூடத்தில் ஒரு காரணியை அசையாமல் நிறுத்திவைத்து மற்றதை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். சென்னையில் சரக்கை அரசே அசையாமல் நிறுத்திவைத்துவிட்டது. எஞ்சிய ஒரே மாறி, உட்காரும் இடம். இத்தனை தூய்மையான ஆய்வுக் களம் பெங்களூருக்கு வாய்க்கவில்லை. அங்கே கடைக்குக் கடை தனித்தனியாக பீர் வடித்து ஆய்வைக் கெடுத்துவிடுகிறார்கள்.

ஆய்வு எல்லை

சென்னை மாநகராட்சிப் பகுதி மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. 21 வயது நிரம்பாதோர் சட்டப்படி விலக்கப்பட்டனர். பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரையிலான காலமே ஆய்வுக் காலம். பத்து மணிக்குப் பிறகு சந்துகளில் நிகழும் கைமாற்றங்கள் விரிவஞ்சியும் வேறு சிலவற்றை அஞ்சியும் விடப்பட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிச் சென்ற சக ஆய்வாளர்கள் தலைப்பை மாற்றிக்கொண்டவர்களாகக் கருதப்பட்டனர்.

முன்னோடி ஆய்வுகள்

எந்தப் பொருளை எடுத்தாலும் சங்க இலக்கியத்தில் தொடங்குவது மரபு. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடத்தில் கொடி பறக்கிறது. கப்பலில் வந்திறங்கிய வெளியூரான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும். நகருக்கு வருபவனின் தாகத்தை அறிந்து வழிகாட்டும் ஏற்பாடு அன்றே இருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கொடிக்கம்பம் நடும் கலை பிற்காலத்தில் வேறு துறைகளுக்குச் சென்றுவிட்டது.

மேலை நாட்டு ஆய்வாளருள் குறிப்பிடத்தக்கவர் ஜார்ஜ் ஆர்வெல். 1946-இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், தமக்குப் பிடித்த மதுக்கூடத்தின் பத்துத் தகுதிகளை வரிசைப்படுத்தி விவரித்துவிட்டு, அப்படியொரு கடையே கிடையாது என்று முடித்தார். பத்தில் எட்டுத் தகுதிகள் பொருந்தும் கடை ஒன்றைத் தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். இவ்வாய்வு தகுதிகளை ஐந்தாகக் குறைத்துக்கொண்டது. ஆர்வெலின் எட்டு இங்கே எட்டாக்கனி.

சட்டப் பின்புலம்

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுமைக்கும் பரவியது. 1971-இல் கருணாநிதி அரசு தளர்த்தியது. 1974-இல் அதே அரசு மீண்டும் இறுக்கியது. 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-இல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் தோன்றியது, 1987-இல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. 2003-இல் ஜெயலலிதா அரசு சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது.

இத்தனை திருப்பங்களிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. கடை திறப்பது, உரிமம் தருவது, விலை வைப்பது எல்லாம் இன்றும் ‘தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937’ என்பதன் கீழேதான் நடக்கின்றன. இவற்றைக் கவனிப்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2023–24-இல் இம்மதுவிலக்கின் வாயிலாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

நம் ஆய்வுக்கு இதைவிட முக்கியமான ஆவணம் ஒன்று உண்டு. கடையை ஒட்டிய பாரை அரசு நடத்துவதில்லை. ஏலத்தில் எடுத்தவர் நடத்துகிறார். அவருக்குத் தரப்படும் உரிமம் எதற்கென்றால், தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில்களைச் சேகரிக்கவும். ஆகவே சட்டத்தின் கண்ணில் அங்கே நடப்பது சுண்டல் வியாபாரம். குடிப்பது என்பது பாட்டிலைக் காலியாக்கித் தரும் பூர்வாங்கப் பணி. பாட்டிலை விற்பவர் அரசு. காலி பாட்டிலை எடுப்பவர் ஏலதாரர். நடுவில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எந்த ஏட்டிலும் குறிப்பில்லை.

கண்டறியும் முறைகள்

வெளியூரார் பயன்படுத்தத் தக்க முறைகள் மூன்று.

முதலாவது, அளவை முறை. மாநகராட்சிப் பகுதியில் கோயில், பள்ளி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது விதி. எனவே கோயில் வாசலில் நின்றுகொண்டு ஐம்பத்தோராவது மீட்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, குறிப்பால் உணரும் முறை. சாலையோரம் இருசக்கர வாகனங்கள் காரணமின்றிச் சாய்ந்து சாய்ந்து நிற்பது, ஒரே இடத்தில் சிக்கன் பக்கோடா வண்டியும் மாங்காய்ப் பத்தை வண்டியும் வேகவைத்த கடலை வண்டியும் கூடியிருப்பது, நடந்து வருபவர்கள் இடுப்பு மடிப்பை ஒரு கையால் பிடித்தபடி வருவது ஆகியவை புறச்சான்றுகள்.

மூன்றாவது, வாய்மொழி முறை. இதுவே சிறந்தது, ஆனால் கேள்வி சரியாக அமைய வேண்டும். ‘டாஸ்மாக் எங்கே இருக்கிறது?’ என்று முழு வாக்கியமாகக் கேட்பவர் பத்திரிகைக்காரர் அல்லது தேர்தல் வேட்பாளர். ‘கடை’ என்ற ஒற்றைச் சொல்லே போதும். எழும்பூர் ரயில் நிலைய வாசலில் ஆட்டோ ஓட்டும் தகவலாளி ஒருவருடன் நிகழ்ந்த உரையாடல் வருமாறு:

“அண்ணே, இங்க பக்கத்துல கடை…”

“நேரா போய் லெஃப்ட்ல திரும்பு சார். ஆனா பாரு சுமாரா தான் இருக்கும். நல்லா உக்கார்ற மாதிரி வோணும்னா சிக்னல் தாண்டி இன்னொண்ணு கீது.”

என்ன குடிக்கப் போகிறீர்கள் என்று தகவலாளி கேட்கவில்லை என்பதையும், இருக்கையைப் பற்றித் தாமாகவே முன்வந்து கருத்துரைத்தார் என்பதையும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கருதுகோள் இவ்விடத்தே பாதி மெய்ப்பிக்கப்பட்டது எனலாம். மீதிப் பாதிக்கு அவர் ஆட்டோவிலேயே செல்ல நேர்ந்தது.

இடங்களின் வகைப்பாடு

சென்னையில் குடிக்குமிடங்கள் நான்கு வகைப்படும்.

அ. ஒட்டுப் பார். கடையின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ தகரக் கூரையின் கீழ் அமைவது. பிளாஸ்டிக் நாற்காலிகளும், துடைக்கத் துடைக்க ஈரமாகவே இருக்கும் மேசைகளும் இதன் கருப்பொருள்கள். உட்கார்ந்த மாத்திரத்தில் ஒரு தம்பி வந்து கப்பையும் தண்ணீர்ப் பாக்கெட்டையும் வைத்துவிட்டு, “அண்ணா, சைடு என்ன?” என்பார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் உண்டு. வழக்கொழிந்துவிட்டதாக அரசு கருதும் பொருள்களைப் பேணிக் காக்கும் பணியை இவ்விடங்கள் சத்தமின்றிச் செய்துவருகின்றன.

ஒட்டுப் பாரின் உண்மையான பெருமை அடுப்படியில் இருக்கிறது. ஆம்லெட், ஆஃபாயில், போட்டி, ஈரல், காடை, மிளகு தூக்கலாக ஒரு சில்லி சிக்கன் என உரிமத்தில் சொன்னபடி தின்பண்டம் விற்கும் கடமையில் குறை வைப்பதில்லை. சில மாஸ்டர்களின் கைப்பக்குவத்துக்காகவே, குடிக்காத நண்பர்களும் கூட வந்து மூன்று தட்டுக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர்கள் அவர்களே.

எல்லாக் கடைக்கும் பார் கிடையாது. இல்லாத இடத்தில் நிற்கும் பார் ஒன்று தானே உருவாகிறது: மூடிய கடையின் படி, மின்மாற்றியின் நிழல், நிறுத்தி வைத்த லாரியின் மறைவு. பொது இடத்தில் குடிப்பது குற்றம் என்பதால் அவ்விடங்களில் குடிப்பதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. இடமின்மை குடிப்பவரைக் குறைப்பதில்லை; வேகத்தையே கூட்டுகிறது.

ஆ. நட்சத்திர ஓட்டல் பார். எஃப்.எல்.3 என்னும் உரிமத்தின் கீழ் வருவது. இவ்வுரிமம் ஓட்டல்களுக்கே உரியது என்பதால், சென்னையில் பப் என்றும் லவுஞ்ச் என்றும் வெவ்வேறு பெயர் சூடியவை பெரும்பாலும் ஏதோ ஓர் ஓட்டலின் மாடியிலோ அடித்தளத்திலோ இருக்கின்றன. தனியாக நின்று பெயரெடுத்த ஒரு மதுக்கூடத்தைத் தேடி வருபவர் முதலில் வரவேற்பறையையும் பூச்சாடியையும் கடக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

இங்கே 180 மில்லி என்ற முழுமை 30, 60 என்ற பின்னங்களாக உடைகிறது. விலை பன்மடங்காகப் பெருகுகிறது. இதிலிருந்து ஒரு சூத்திரம் பெறப்பட்டது: பார் விலையிலிருந்து கடை விலையைக் கழித்தால் வருவது நாற்காலி வாடகை. சில இடங்களில் மணிக்கணக்கில் பார்த்தால் இந்த வாடகை அதே ஓட்டலின் அறை வாடகையோடு போட்டி போடுகிறது. விளக்கைக் குறைத்து வைப்பது அழகியல் நோக்கில் என்பர் ஒரு சாரார். பில்லை முன்னிட்டு என்பர் மறு சாரார். இரண்டும் கொள்ளத்தக்கனவே.

இ. கிளப்பும் மன்றமும். இரண்டும் எஃப்.எல்.2 உரிமத்தைச் சேர்ந்தவை. சமூகவியல்படி இரு துருவங்கள். ஒரு முனையில் 1832-இல் தோன்றிய மெட்ராஸ் கிளப், 1884-இல் தோன்றிய ஜிம்கானா கிளப் போன்றவை. இங்கே நுழைய ஓர் உறுப்பினரைத் தெரிந்திருக்க வேண்டும். உறுப்பினராவதற்குள் குடியை நிறுத்தச் சொல்லும் வயது வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 2014 ஜூலையில் சென்னைக் கிளப் ஒன்றில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டி வந்ததற்காக அனுமதி மறுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றம் கூடி, வேட்டிக்குத் தடை போடுவதைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. குடிக்குமிடம் ஒன்றைப் பற்றித் தமிழ்நாட்டில் எக்கட்சியும் எதிர்க்காமல் நிறைவேறிய சட்டம் என்ற வகையில் இது போற்றத்தக்கது. அது உள்ளே விடுவது வேட்டியைத்தான். வேட்டிக்குள் இருப்பவர் உறுப்பினரோடு வர வேண்டும்.

மறுமுனையில் மனமகிழ் மன்றம். பெயர்ப்பலகையில் கேரம் போர்டின் மணம் வீசும். உறுப்பினருக்கு மட்டுமே சேவை என்று எழுதியிருக்கும். சில மன்றங்களில் உறுப்பினராவதற்கான நடைமுறை, வாசலில் நிற்பவரின் பார்வையைத் தாண்டி உள்ளே போவதோடு நிறைவுறுகிறது.

ஈ. அறையும் மொட்டை மாடியும். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகள் சென்னைக்கு வேலை தேடி வந்த பல தலைமுறைகளுக்கு இடமளித்தவை. அறைக்குள் குடிக்கக் கூடாது என்ற அறிவிப்பு மாட்டப்பட்டிருக்கும். அதன் ஆணியில்தான் சட்டை தொங்கும். மொட்டை மாடியோ இவ்வாய்வில் தனிச்சிறப்புடையது. தண்ணீர்த் தொட்டியின் மறைவு, மாலையில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று, கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவன், “மாப்ள, மெதுவா பேசுடா, கீழ ஹவுஸ் ஓனர்” என்ற எச்சரிக்கை ஆகிய நான்கும் கூடினால் அது நிறைவுற்ற மாடி. இவ்வகையின் ஒரே சிக்கல் மறுநாள் காலையில் எழுகிறது. நீலகிரியில் 2022 முதல் காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் கிடைக்கிறது. மாடியில் அதே பாட்டிலைக் குடும்பத்தார் கண்ணில் படாமல் கீழே இறக்குவதற்கு நண்பன் படும் பாட்டை ரூபாயில் கணக்கிட இயலவில்லை.

அளவுகோல்கள்

நல்ல இடத்துக்கு இவ்வாய்வு வகுத்த தகுதிகள் ஐந்து: நாற்காலி, தண்ணீர், சைட் டிஷ், கழிப்பறை, நம் பாட்டுக்கு இருக்க விடுதல். ஒட்டுப் பார் மூன்றாவதில் முதல் வகுப்பில் தேறுகிறது. நான்காவதில் தேர்வு எழுதவே வரவில்லை. நட்சத்திர ஓட்டல் ஐந்திலும் தேறுகிறது. கட்டணம் கட்ட முடியாமல் மாணவர் வெளியேறுகிறார். கிளப் ஐந்திலும் தேறுகிறது. தேர்வு மையத்துக்குள் நம்மை விடுவதில்லை. மொட்டை மாடியின் மதிப்பெண் ஹவுஸ் ஓனர் ஊரில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து மாறுகிறது.

காலக் கூறு

முன்பு காலை பத்து மணிக்குத் திறந்த கடை, 2016 மே முதல் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. இரவு பத்து மணிக்குக் கடையோடு பாரும் மூடப்பட வேண்டும். இதில் ஒரு தருக்கச் சிக்கல் உள்ளது. 9.55-க்கு ஒருவர் குவார்ட்டர் வாங்கினால், 180 மில்லியை அமர்ந்து குடிக்க அவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் பாட்டில் சட்டபூர்வமாக அவருடையது, உட்காருமிடம் யாருடையதுமில்லை.

மூடும் நாள்களும் உண்டு. குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி போன்றவற்றோடு திருவள்ளுவர் தினமும் இப்பட்டியலில் இருக்கிறது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவருக்கு அரசு ஒரு நாள் ஒதுக்கியிருப்பது பொருத்தமே. அதற்கு முந்தைய நாள் மாலை கடை வாசலில் நீளும் வரிசையை எந்த அதிகாரத்தில் சேர்ப்பது என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடக்கூடும்.

திரும்பும் வழியும் இடத்தின் ஒரு கூறே. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே அபராதம் 10,000 ரூபாய். ஆகவே மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் உள்ள இடமே வெளியூராருக்கு உகந்தது என்று பரிந்துரைக்கப்படுகிறது. நடக்க முடியுமா என்பதைப் போகும்போது அல்லாமல் வரும்போது சோதித்தல் வேண்டும்.

ஆய்வு முடிவுகள்

ஒன்று, சென்னையில் நல்ல இடம் என்பது விலாசமாக இருப்பதில்லை. தெரிந்த ஆளாக இருக்கிறது. உறுப்பினரைத் தெரிந்தவருக்குக் கிளப், மாஸ்டரைத் தெரிந்தவருக்கு ஒட்டுப் பார், மாடியுள்ள நண்பனைத் தெரிந்தவருக்குக் கடற்காற்று. யாரையும் தெரியாதவருக்கு லாரியின் மறைவு.

இரண்டு, நாற்பத்தையாயிரம் கோடி ஈட்டும் வணிகத்தில் வாங்குபவருக்கு ஒரு சுத்தமான நாற்காலி இல்லாதது மறதியால் நேர்ந்ததன்று. உட்காரக் கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். வாங்க வைத்துவிட்டு, வாங்கியவரைக் காணாதது போல் இருப்பதே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் மது விற்கும் முறை. ஒளித்துக் குடிக்கும் பழக்கத்தைச் சென்னைக்குக் கற்றுக்கொடுத்ததில் இம்முறைக்குப் பெரும் பங்குண்டு.

மூன்று, இவ்வாய்வின் தகவலாளிகள் அனைவரும் ஆண்கள். கடையில் பெண் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வணிக வளாகங்களில் உள்ள எலைட் கடைகளில் பெண்கள் தாங்களே அலமாரியிலிருந்து எடுத்துப் பணம் கட்டிச் செல்கிறார்கள். ஆனால் நால்வகை இடங்களில் நட்சத்திர ஓட்டல் தவிர வேறெங்கும், யாரும் திரும்பிப் பார்க்காமல் ஒரு பெண் தனியாக உட்கார முடியாது. அதே பாட்டில், அதே விலை, அதே சட்டம். மாறுவது இடம் மட்டுமே. கருதுகோள் ஐயத்துக்கு இடமின்றி இங்கேதான் மெய்ப்பிக்கப்படுகிறது.

மேலாய்வுக்குரிய களங்கள்

‘ஒட்டுப் பார் சுவர்களில் விலைப்பட்டியல்: ஓர் எழுத்திலக்கண நோக்கு’, ‘ஆஃபாயில் கவிழும் கோணம்’, ‘மெதுவாப் பேசுடா: மொட்டை மாடி உரையாடல்களில் ஒலியளவு’ ஆகிய தலைப்புகளில் தனித்தனியே ஆய்வு நிகழ்த்தலாம். முதலிரண்டுக்கு உதவித்தொகை கிடைக்க வாய்ப்புண்டு. ‘சென்னையில் உட்கார்ந்து குடிக்குமிடம்’ என்னும் இதே தலைப்பைப் பெண் ஆய்வாளர் ஒருவர் மேற்கொள்வது மிகவும் இன்றியமையாதது. அவருக்கு நெறியாளர் கிடைப்பது அரிது. கிடைத்துவிட்டாலும், ஒட்டுப் பாருக்குள் கள ஆய்வுக்குச் செல்லும் அவரிடம் தம்பி சைடு என்ன என்று கேட்க மாட்டார். யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்பார்.